மதுராவின் செத்தவீட்டில் ஓர் ஒலிபெருக்கி

1

போன வருடம் உங்கள் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்திருக்கும். ஒஸ்லோவில் ஒரு சுடலை வாசல். கரைந்த பனிச் சேற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். கையில் நீளமான பதாகை. நோர்வே இராணுவத்தில் இறந்த பெண்ணின் இறுதிச் சடங்கைத் தமிழர்கள் புறக்கணித்தார்கள் என்று கீழே செய்தி. ஊரிலிருக்கும் என் மச்சான் ஒருவன் அதை எனக்கே அனுப்பி, மானமுள்ள சனம் என்று மெச்சியும் இருந்தான். படத்தின் இடது ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு, நீலக் குளிர்ச்சட்டையோடு நிற்பது யார் என்று அவன் கவனிக்கவில்லை. அது நான்தான்.

போன கிழமை அந்தப் பிள்ளையின் ஆண்டுத் திவசம் முடிந்தது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தியே வரலாறாகிவிடும். ஆகவே எழுதுகிறேன். வாசலில் நின்றது பன்னிரண்டு பேர். என்னைச் சேர்த்தால் பதின்மூன்று. உள்ளே போன தமிழ்ச் சனத்துக்கு மண்டபத்தில் இருக்க இடம் போதவில்லை, பாதிப் பேர் சுவரோடு நின்றார்கள். படம் எடுத்த புண்ணியவான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

2

ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் தொடர்மாடியில் நான் நான்காம் மாடி, ராணி மூன்றாம் மாடி. ராணி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். கணவர் குகன் பஸ் ஓட்டுகிறார். அவர்களுடைய ஒரே பிள்ளை மதுரா.

இங்கே பிள்ளைகள் பதினேழு, பதினெட்டு வயதுக்கு வந்ததும் ஆண் பெண் பேதமில்லாமல் இராணுவத்திலிருந்து கடிதம் வரும். எங்களுடைய வீடுகளில் அந்தக் கடிதம் வந்தவுடன் நடப்பதைப் பார்க்கவேண்டும். அதுவரை பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை என்று சொல்லித் திரிந்த தாய் தகப்பன் அன்றைக்கு இழுப்பு, ஒவ்வாமை, தட்டைப் பாதம் என்று ஏதாவது கிடைக்காதா என்று தேடத் தொடங்குவார்கள். சீருடைக்குப் பயந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஆட்களுக்கு அது இயல்பு. நான் என் மகள் துளசிக்கு வைத்தியரிடம் போய் முதுகு நோவு என்று ஒரு துண்டுக் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு முதுகு நோவு இருந்ததே கிடையாது.

மதுரா துண்டு எதுவும் வாங்கவில்லை. ஒரு வருடம் போனாள், முடித்தாள், பிறகு தானாகவே திரும்பிப் போய்ச் சேர்ந்தாள். காயப்பட்டவர்களைப் பார்க்கும் பிரிவில் சார்ஜன்ட். ஏன் போனாள் என்பதற்கு எங்கள் படிக்கட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரக் காதலன் என்றார் ஒருவர், தாயின் செல்லம் என்றார் இன்னொருவர். நானும் அவளும் எத்தனையோ தடவை ஒரே லிப்டில் ஏறி இறங்கியிருக்கிறோம். அவளிடம் நான் கேட்டதெல்லாம் படிப்பு எப்படிப் போகிறது என்பதுதான். அவள் படிப்பை முடித்து மூன்று வருடம் ஆனபிறகும் அதையேதான் கேட்டேன். அவளும் சிரித்துக்கொண்டு, நல்லாப் போகுது மாமா என்பாள்.

வடக்கே பனிக்காலப் பயிற்சி. உறைந்த ஆற்றைக் கடக்கும்போது பனி உடைந்து ஒரு வாகனம் உள்ளே போய்விட்டது. மதுரா கரையில் நின்றவள். இறங்கி ஒருவனை இழுத்துக்கொண்டு வந்தாள். திரும்ப இறங்கி இன்னொருவனை இழுத்தாள். மூன்றாம் தடவை இறங்கியவள் வரவில்லை. இருபத்துநான்கு வயது.

3

இப்போது நிதியைப் பற்றிச் சொல்லவேண்டும். வாசலில் ஒலிபெருக்கியோடு நின்றவன் அவன்தான். ராணியின் சொந்த அண்ணன். மதுராவின் தாய்மாமன். எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன்.

அவர்களுக்குக் கலா என்று ஒரு தங்கச்சி இருந்தாள். இயக்கத்துக்குப் போனவள். போரின் கடைசி மாதங்களில் செத்துப்போனாள் என்று செய்தி வந்தது. உடம்பும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை. ராணிக்கு அந்தச் செய்தி வேலையிடத்தில் ஒரு கிழவிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் வந்தது. தீத்தி முடித்துவிட்டுத்தான் அழுதாளாம். அந்த மாதங்களில் நாங்கள் எல்லோரும் இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் நாள்கணக்காக நின்றோம். நிதி ஒரு கையில் பதாகையும் மறு கையில் ஒன்பது வயது மதுராவுமாக நின்றான். தொண்டை கட்டிப்போகும் வரைக்கும் கத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை. சமாதானம் பேச வந்த நாடு எங்களை நட்டாற்றில் விட்டுவிட்டது என்று நிதி அன்றைக்கு முடிவுகட்டினான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன். அவனுக்கு அது ஆறாமல் உள்ளே உள்ளே புரையோடியது.

மதுராவின் பெட்டியில் நோர்வேக் கொடி போர்த்தப்படும், அவளோடு வேலை செய்தவர்கள்தான் தூக்குவார்கள் என்று தெரிந்ததும் நிதி ராணி வீட்டுக்குப் போனான். கொடி வேண்டாம், இராணுவம் வேண்டாம், எங்கள் முறைப்படி நாங்கள் தூக்குவோம் என்று சொல்லியிருக்கிறான். அவள் என்ன உடுப்போடு செத்தாளோ அந்த உடுப்புக்கான மரியாதையோடுதான் போவாள் என்று ராணி சொல்லிவிட்டாள். நிதி தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டான்.

4

குடும்பம் எங்கள் சங்கத்தின் மண்டபத்தைக் கேட்டது, சடங்கு முடிந்து சனம் வந்திருந்து சாப்பிட்டுப் போவதற்கு. நான் சங்கத்தின் செயலாளர். ஏழு பேர் கூடினோம். ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தது. நிதி அந்தக் கூட்டத்தில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தனித்தனியே தொலைபேசி எடுத்திருந்தான். கலாவின் படத்துக்குப் பூப்போட்ட மண்டபத்தில் இதைச் செய்ய இடம்கொடுப்பதா என்று ஒருவர் தொடங்கினார். மற்றவர்கள் ரோல்ஸைக் கடித்தபடி தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். கலாவின் சொந்த அக்காதான் மண்டபத்தைக் கேட்கிறாள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

பதில் எழுதுகிற பொறுப்பு செயலாளருடையது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கலியாணத்துக்கு, சாமத்தியவீட்டுக்கு எல்லாம் தமிழில் எழுதுவோம். ஒருவரின் வயிற்றில் அடிக்கவேண்டுமென்றால் நோர்வேஜிய மொழிக்கு மாறிவிடுவோம். அந்த மொழியில் அடித்தால் அடித்தது நாங்கள் இல்லை, ஏதோ ஒரு அலுவலகம் என்று ஒரு நினைப்பு. 'டெஸ்வாரே' என்று தொடங்கினேன். துரதிர்ஷ்டவசமாக என்று பொருள். இந்த நாட்டில் வீடு இல்லை, விசா இல்லை, வேலை இல்லை என்று வருகிற கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். மண்டபத்தில் திருத்தவேலை இருப்பதாக நான்கு வரி. ஒரு திருத்தவேலையும் இல்லை. ஒரு மாடி இறங்கி முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல் மின்னஞ்சலில் அனுப்பினேன்.

கடைசியில் எங்கள் தொடர்மாடியின் பொதுக்கூடத்தைத் திறந்து கொடுத்தது நோர்வேக்காரப் பராமரிப்பாளர். கதிரைகளையும் அவரே அடுக்கினார். தமிழ்ச் சங்கத்துக்கு வராத புத்தி.

5

நிதியின் குரலைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஊரில் யாராவது செத்தால், காரில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவித்துக்கொண்டு போவார்கள், உங்களுக்குத் தெரியும். அந்த அறிவித்தல் நிதியின் வேலை. பதினாறு வயதில் அவனுக்கு முதிர்ந்த ஆம்பிளைக் குரல். இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று ஒரு உறவு விடாமல் அடுக்கி, கடைசியில் உற்றார் உறவினர் அனைவரையும் இந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்ளும்படி கேட்பான். கேட்கிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேலிக்கு வருவார்கள். ஒருமுறை இரண்டு தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டின் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டான். வாசித்தபடியால் அவர்கள் வரவேண்டியதாகிவிட்டது, வந்தார்கள். அதை அவன் இங்கே வந்தும் பெருமையாகச் சொல்லுவான்.

அப்படிப்பட்டவன் தன் மருமகளின் சாவுக்கு, ஒருவரும் போகவேண்டாம் என்று வாட்ஸப் குழுக்களில் குரல்பதிவு போட்டான். அதே குரல். அதே ஏற்ற இறக்கம்.

6

அன்றைக்குக் காலையில் நான் நேரத்தோடு போய்விட்டேன். சமாதானம் பேசப் போவதாக மனைவிக்குச் சொன்னேன். அது பொய். எந்தப் பக்கம் கூட்டம் கூடுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். என்னைக் கண்டதும் நிதி, வா மச்சான் என்று பதாகையின் பக்கத்தில் இடம்விட்டான். போய் நின்றேன். அப்போதுதான் யாரோ ஒருவன் படம் எடுத்திருக்கிறான்.

இந்த நாட்டில் ஆர்ப்பாட்டம் செய்ய அனுமதி கேட்கத் தேவையில்லை, பொலிசுக்கு அறிவித்தால் போதும். நிதி படிவத்தை ஒழுங்காக நிரப்பி, வாசலிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி நிற்கவேண்டும் என்று கேட்டு, அந்த அளவில் சேற்றில் கோடும் கீறி வைத்திருந்தான். தாய்மாமன் செத்தவீட்டில் நிற்கவேண்டிய இடம் எது என்று அவனுக்கு மறந்துபோனது. பொலிஸ் சொன்ன இடம் மட்டும் ஒரு அடி பிசகவில்லை.

காவலுக்கு வந்திருந்த பொலிஸ்காரி சின்னப் பெண், துளசியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நிதி ஒலிபெருக்கியில் கத்தத் தொடங்கியதும் என்னிடம் வந்து, என்ன சொல்கிறார்கள் என்று மொழிபெயர்க்கச் சொன்னாள். நிதி சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: கலா எதற்காகச் செத்தாள், மதுரா யாருக்காகச் செத்தாள். ராணி, பதில் சொல்லு. திரும்பத் திரும்ப அதுவேதான்.

செத்துப்போன தங்கச்சியின் பெயரைச் சொல்கிறார், செத்துப்போன மருமகளின் பெயரைச் சொல்கிறார் என்றேன். பொலிஸ்காரியின் முகம் இளகியது. ஓ, அவர்களும் துக்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லித் தொப்பியைக் கழற்றிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

அந்த நேரத்தில்தான் சனம் வரத் தொடங்கியது. நிதியின் குரல்பதிவைக் கேட்டுப் பயந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மண்டபம் கொடுக்கமாட்டோம் என்று தலையாட்டியவர்களுடைய மனைவிமார்தான் முதலில் வந்தார்கள், மூன்று பேர், வெள்ளைச் சேலைக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டையோடு. பிறகு ஸ்ட்ரோம்மனிலிருந்து இரண்டு வான் நிறைய ஆட்கள். பேர்கனிலிருந்து இரவிரவாக ரயில் ஏறி வந்த ஒரு குடும்பம். வேலை உடுப்போடு குகனின் பஸ்காரச் சிநேகிதர்கள். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. எங்களைப் பார்க்கவுமில்லை. மரத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனார்கள். எங்கள் தொடர்மாடியில் இருக்கும் தமிழ்நாட்டுப் பெண் பிரியா மட்டும் என் முன்னால் நின்றாள். கணினி வேலைக்கு வந்தவள், எங்கள் அரசியல் எதுவும் தெரியாது. "அண்ணா, சாவு வீட்டுல போய் யாராச்சும் மைக் புடிப்பாங்களா? நீங்களுமா?" என்று கேட்டாள். நான் காலடியில் கிடந்த சேற்றைப் பார்த்தேன்.

வண்டி வந்து நின்றது. ஆறு பேர் பெட்டியை இறக்கினார்கள். அதில் இரண்டு பொடியன்கள் ஆற்றிலிருந்து மதுரா இழுத்துவிட்டவர்கள் என்று பிறகு தெரிந்தது. நிதி ஒலிபெருக்கியை உயர்த்தி, கலா எதற்காகச் செத்தாள் என்று மறுபடி தொடங்கினான்.

வண்டியோடு வந்த ராணி பெட்டிக்குப் பின்னால் போகாமல் எங்களிடம் வந்தாள். பொலிஸ்காரி குறுக்கே வரப் பார்த்தாள், ராணி கையால் விலக்கினாள். நிதி கீறி வைத்த கோட்டில் வந்து நின்றாள்.

"அண்ணா, கலாவைக் கூப்பிடாதேங்கோ. அவளுக்குச் செத்தவீடு நடக்கேல்லை. ஒரு பிடி அரிசி போட எனக்கு அவளின்ரை முகம் கிடைக்கேல்லை. இண்டைக்கு நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அழப்போறன். அழ வாறதெண்டால் உள்ளை வாங்கோ. இல்லையெண்டால் அதை நிப்பாட்டுங்கோ."

நிதியின் கை இறங்கியது. ஒலிபெருக்கி அவன் முழங்காலில் தட்டியது. அவன் அந்தக் கோட்டைத் தாண்டப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். பின்னால் நின்ற ஒருவர், விடாதை நிதி என்றார். அவன் ராணியின் முகத்துக்கு நேரே ஒலிபெருக்கியைத் திரும்ப உயர்த்தினான்.

இங்கே நாங்கள் சத்தம் போட்டு அழுவதை விட்டு எத்தனையோ வருடம். பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார்கள், மண்டபத்தை முக்கால் மணித்தியாலத்துக்குத்தான் தருவார்கள், பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். டிஷ்யூத் தாளால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழப் பழகிவிட்டோம். அன்றைக்கு வாசலில் நின்ற பெண்கள், முதலில் ஒருத்தி, பிறகு நாலு பேர், பிறகு அத்தனை பேரும், ஊரில் அழுவதுபோல மாரில் அடித்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிப்பிடித்து, வாய்விட்டு ஒப்பாரி வைத்தார்கள். என் மனைவி அதற்குள் நின்றாள். துளசி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஒப்பாரி தெரியாமல், அம்மா அம்மா என்று மட்டும் கத்தினாள். நிதியின் ஒலிபெருக்கியில் மின்கலம் புதுசு. ஆனாலும் அவன் என்ன கத்தினான் என்று பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிய பொடியன்கள் விறைத்துப்போய் நின்றார்கள். பிறகு அந்த அழுகைக்கு நடுவால் மெல்ல நடந்தார்கள்.

கடைசிப் பெண்ணும் உள்ளே போனபிறகு நான் பதாகையை விட்டுவிட்டுப் பின்னால் போனேன். துணிவு வந்ததால் போகவில்லை. வெளியே நிற்பது உள்ளே போவதைவிடக் கேவலமாக இருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே வாய்க்கரிசிக்கு ஒரு தாம்பாளம் வைத்திருந்தார்கள். சில நாட்களுக்கு முன் இராணுவ அதிகாரி ஒருவர் ராணி வீட்டுக்கு வந்து நிகழ்ச்சி நிரல் எழுதியபோது, அரிசி என்றால் சமைத்ததா பச்சையா, எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு போனாராம். பதினைந்து நிமிடம் என்று தாளில் இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அந்த அதிகாரி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. வரிசையில் கடைசியாக நின்று தானும் ஒரு பிடி போட்டார். அவருக்கு முன்னால் நான்.

7

அன்று பின்னேரம் படம் எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்துவிட்டது. துளசி அதைப் பார்த்துவிட்டு, நீ அங்கே நின்றாய் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். உள்ளே வந்தேனே என்று நான் தமிழில் சொன்னேன். பிந்தி வந்தாய் என்றாள். அதற்குப் பிறகு என்னோடு அவசியமானதை மட்டும் பேசுகிறாள், அதையும் அந்த மொழியில்தான். தமிழ் மறந்துபோய் அல்ல. தாயோடு வாய் ஓயாமல் தமிழில் கதைக்கிறாள்.

அடுத்த நாள் நான் ஒரு மாடி இறங்கினேன். மண்டபம் இல்லை என்று எழுதியது நான்தான் என்று ராணியிடம் சொன்னேன்.

"தெரியும். கீழை உங்கடை பேர் இருந்தது," என்றாள். தேத்தண்ணி வைத்தாள். சீனி போடாமல் வைத்தாள். நான் குடித்தேன். அடுத்த கூட்டத்தில் செயலாளர் பதவியை விட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, புதுச் செயலாளர் கிடைப்பதும் கஷ்டமாக இருக்கவில்லை.

8

திவசத்துக்கு ராணி தானே நான்காம் மாடிக்கு வந்து சொன்னாள். மத்தியானம், மரக்கறிச் சாப்பாடு, ஐயர் வருவார், வாங்கோ. எங்கள் மூவரின் பெயரையும் சொல்லி அழைத்தாள்.

போனோம். பிரியாவும் வந்திருந்தாள். ஆற்றிலிருந்து வந்த பொடியன்களில் ஒருவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் சப்பாணி கட்டத் தெரியாமல் அவதிப்பட்டுக்கொண்டிருந்தான். துளசி அவனுக்குக் காலை மடிக்கக் காட்டிக்கொடுத்தாள். படையல் வைத்து முடிந்து, இலை போடுகிற நேரம் மணி அடித்தது. கதவுக்குக் கிட்ட இருந்தது நான். திறந்தேன்.

நிதி. முகம் வழித்து, வேட்டி கட்டி, மேலே குளிர்ச்சட்டை. கையில் ஒரு துணிக்கடைப் பை. உள்ளே தாய்மாமன் போடவேண்டிய கோடிச் சேலையின் கரை தெரிந்தது. ஒரு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தான். அவனோடு பதாகை பிடித்தவர்களின் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டதென்றும் இவனைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை என்றும் கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்தான். மச்சான் என்றான், அதற்குமேல் அந்தக் குரல் வரவில்லை.

நான் விலகி வழிவிட்டிருப்பேன். மனிதன் என்றால் விலகத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் ராணி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். கையில் சோற்றுக் கரண்டி.

"செத்தவீட்டுக்கு ஆரும் சொல்லாமல் வரலாம் அண்ணா. அண்டைக்கு நான் வாயாலை கூப்பிட்டும் நீங்கள் வரேல்லை. இது திவசம். நான் சொன்ன ஆக்கள்தான் வரலாம்."

அவன் பையை நீட்டினான். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"கதவைச் சாத்துங்கோ அண்ணை," என்றாள் என்னிடம்.

நாற்பது வருடச் சிநேகிதம். ஒரே சைக்கிளில் டியூசனுக்குப் போனவன். நான் செய்த கோழைத்தனத்தில் பாதியைக்கூட அவன் செய்யவில்லை, அவன் நினைத்ததைச் சேற்றில் நின்று வெளிப்படையாகச் செய்தான். அதுவும் எனக்குத் தெரியும். குகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். துளசி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்வேன் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த மாதிரி ஒரு பார்வை. நான் நிதியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

ராணி இலைக்கு இலை சோறு வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு வைக்கும்போது நெய் கொஞ்சம் கூட விட்டாள். இதை இரக்கம் என்று எடுத்துக்கொள்வதா, கூலி என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. படியில் இறங்கும் காலடிச் சத்தமும் லிப்ட் வருகிற சத்தமும் எங்கள் வீடுகளுக்குள் நன்றாகக் கேட்கும். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, பாயாசம் வந்தது, அந்தச் சத்தம் இரண்டும் வரவில்லை. கதவுக்கு வெளியே அவன் நிற்கிறான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.